பதினாறு கோழிகளும் 1,200 டுகாட்டும்: டொலேடோவின் ஒரு பங்குக் கோவில் கணக்கு

ஸ்பெயின் நாட்டு டொலேடோ நகரத்தில் சாந்தோ தோமே என்ற பங்குக் கோவில் இருக்கிறது. மயிலாப்பூர் சாந்தோமுக்குப் பெயர் தந்த அதே அப்போஸ்தலர் தோமையார்தான் இதற்கும் பாதுகாவலர். உலகம் இந்தக் கோவிலைத் தேடி வருவது ஓர் ஓவியத்துக்காக. உயரம் 4.80 மீட்டர், அகலம் 3.60 மீட்டர், பரப்பு 17.28 சதுர மீட்டர். பெயர் ‘ஓர்காஸ் கோமானின் அடக்கம்’. வரைந்தவர் எல் கிரெகோ. ஒப்பந்தம் கையெழுத்தான நாள் 1586 மார்ச் 18. இரண்டு மதிப்பீடும் ஒரு வழக்கும் கடந்து 1588இல் தீர்ந்த விலை 1,200 டுகாட்.

இந்தத் தொகை எவ்வளவு பெரியது என்று தெரிய, அந்தக் காலத்து நாணயக் கணக்கைப் பார்க்க வேண்டும். 1 டுகாட்டுக்கு 375 மராவெடி. 1 ரியாலுக்கு 34 மராவெடி. ஆக ஒரு டுகாட் என்பது 11 ரியாலுக்குச் சற்று மேல். 1,200 டுகாட்டை மராவெடியாக மாற்றினால் 4,50,000. காஸ்டில் அரசு கோதுமைக்கு உச்ச விலை கட்டியிருந்தது: 1582 முதல் ஒரு பனேகாவுக்கு 14 ரியால், அதாவது 476 மராவெடி. பனேகா என்பது சுமார் 55 லிட்டர் கொள்ளும் முகத்தலளவை. கோதுமையில் ஏறத்தாழ 43 கிலோ. 4,50,000 மராவெடிக்கு 945 பனேகா கிடைக்கும். கிட்டத்தட்ட 40 டன். ஒருவருக்கு ஆண்டுக்கு 200 கிலோ என்று வைத்தால் 200 பேருடைய ஓராண்டு ரொட்டி. பஞ்ச காலத்தில் சந்தை விலை இந்த உச்சவரம்பைத் தாண்டும் என்பதால், கையில் கிடைக்கும் மூட்டை இதைவிடக் குறையலாம். எப்படிப் பார்த்தாலும், ஒரு பேராலயமோ அரண்மனையோ அல்லாத சாதாரணப் பங்கு ஒன்று ஒரு சுவருக்குச் செலவழித்த தொகை இது.

இவ்வளவு செலவு செய்யும் துணிவு அந்தப் பங்குக்கு எங்கிருந்து வந்தது? பதில் 263 ஆண்டுக்கு முந்தைய ஓர் உயிலில் இருக்கிறது.

டொலேடோவை மன்னர் அல்போன்சோ VI 1085இல் கைப்பற்றினார். இன்று கோவில் நிற்கும் இடத்தில் முன்பு ஒரு மசூதி இருந்தது. 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பழுதுபட்டுக் கிடந்த கோவிலைத் தன் சொந்தப் பணத்தில் எடுத்துக் கட்டியவர் ஓர்காஸ் ஊரின் பிரபு கொன்சாலோ ரூயிஸ் தெ தொலேதோ. செங்கல்லில் எழும்பிய அதன் மணிக்கோபுரம், முஸ்லிம் கைவினை மரபில் கிறிஸ்தவர்களுக்காகக் கட்டிய முதேஹார் பாணிக்கு நல்ல எடுத்துக்காட்டு. பிரபு 1323இல் இறந்தார். தான் கட்டிய கோவிலிலேயே அடக்கமானார். ‘கோமான்’ பட்டம் அவருக்குச் சொந்தமானதல்ல. அந்தக் குடும்பத்துக்கு அது கிடைத்தது 1520இல், அவர் மறைந்து 197 ஆண்டுக்குப் பிறகு. ஓவியத்தின் பெயர் அவருக்குப் பின்னாளில் ஒரு பதவி உயர்வு கொடுத்துவிட்டது.

அவருடைய உயிலில் ஓர்காஸ் ஊராருக்கு ஒரு கட்டளை இருந்தது. சாந்தோ தோமே கோவிலுக்கும், அதன் குருக்களுக்கும், பங்கின் ஏழைகளுக்கும் ஆண்டுதோறும் அவர்கள் செலுத்த வேண்டியது:

ஆட்டுக் கிடா — 2
கோழி — 16
தோற்பையில் திராட்சை மது — 2 பை
விறகு — 2 சுமை
ரொக்கம் — 800 மராவெடி

இந்தப் பட்டியலைக் கூர்ந்து பார்த்தால் எழுதியவரின் விவேகம் தெரியும். ஐந்து இனங்களில் நான்கு பொருளாகவே இருக்கின்றன. நம் சோழர் கல்வெட்டுகளில் நந்தா விளக்குக்கு 96 ஆடு என்று ‘சாவா மூவாப் பேராடு’ விட்டவர்களுக்கும் இதே விவேகம் உண்டு. காசு தேயும்; ஆடு குட்டி போடும். ஓர்காஸ் பிரபு கட்டளையிட்ட ரொக்கம் எவ்வளவு தேய்ந்தது என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1558இல் அரசு கட்டிய உச்ச விலை ஒரு பனேகாவுக்கு 310 மராவெடி. 800 மராவெடிக்கு 2.6 பனேகா, சுமார் 111 கிலோ கோதுமை. 1571இல் விலை 374 ஆனது. அதே ரொக்கத்துக்கு 92 கிலோ. 1582இல் 476, இப்போது 72 கிலோ. 24 ஆண்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கரைந்துபோயிற்று. ஆனால் 16 கோழி அன்றும் 16 கோழி, இன்றும் 16 கோழி.

ஓர்காஸ் டொலேடோவுக்குத் தெற்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர். கோவேறு கழுதைகளில் விறகையும் மதுவையும் ஏற்றி, கிடாக்களை ஓட்டிக்கொண்டு வர ஒரு முழு நாள் வேண்டும். யாருக்கோ, எப்போதோ, தங்கள் பழைய பிரபு சொல்லிவைத்த சொல்லுக்காக ஒவ்வொரு ஆண்டும் இதைச் செய்ய வேண்டியிருந்த ஊரார் மீதும் எனக்கு வருத்தம் உண்டு. 1323 முதல் 1564 வரை 241 ஆண்டு. ஒரு முறைகூடத் தவறாமல் செலுத்தியிருந்தால் கணக்கு இப்படி வரும்: 482 கிடா, 3,856 கோழி, 482 பை மது, 482 சுமை விறகு, 1,92,800 மராவெடி. 1564இல் ஊரார் இனிக் கொடுக்க மாட்டோம் என்றார்கள்.

அப்போது சாந்தோ தோமேயின் பங்குத்தந்தை அந்திரேஸ் நூனியெஸ். அவர் வழக்குப் போட்டார். வல்லாதோலித் நகரத்து அரச நீதிமன்றம் டொலேடோவிலிருந்து வடக்கே 200 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்தது. ஐந்து ஆண்டு நடந்த வழக்கில் 1569இல் தீர்ப்பு பங்குக்குச் சாதகமாக வந்தது. ஐந்து ஆண்டு நிலுவை என்று கொண்டால் 10 கிடா, 80 கோழி, 10 பை மது, 10 சுமை விறகு, 4,000 மராவெடி. ரொக்கம் மட்டும் 11 டுகாட்டுக்கும் குறைவு. இதற்காகவா ஐந்து ஆண்டு அலைந்தார் என்று கேட்பவர்கள் இருப்பார்கள். அவர் காப்பாற்றியது அந்த 11 டுகாட்டை அல்ல. இறந்தவர் ஏழைகளுக்கென்று எழுதி வைத்தது காலத்தால் காலாவதி ஆகாது என்பதை நீதிமன்றத்தின் வாயால் சொல்லவைத்தார். ஏழைகளின் பங்கைத் தன் சொந்தப் பங்கைப் போல் காத்த குருவாகவே நான் அவரைப் பார்க்கிறேன்.

தீர்ப்போடு அவர் நிற்கவில்லை. பிரபுவின் கல்லறை மேல் லத்தீன் மொழியில் ஒரு கல்வெட்டு வைத்தார். மற்ற கல்லறைகளில் வீரமும் குலப்பெருமையும் எழுதுவார்கள். இதில் இரண்டு புனிதர்கள் வந்து அடக்கம் செய்த செய்தியை அடுத்து, இரண்டு கிடா, பதினாறு கோழி, இரண்டு பை மது, இரண்டு சுமை விறகு, 800 மராவெடி என்று முழுப் பட்டியலும், ஊரார் மறுத்ததும், வல்லாதோலித் தீர்ப்பும் பொறித்திருக்கிறது. ஒரு நிலுவைக் கணக்கைக் கல்லில் வெட்டிப் பீடத்தருகே நிறுத்திய கோவில் வேறெங்கும் இருப்பதாக நான் கேள்விப்பட்டதில்லை.

அந்த அடக்கச் செய்தி டொலேடோவில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்த ஒரு புதுமை. பிரபு அகுஸ்தீனார் சபைத் துறவிகளுக்கு இடம் கொடுத்து, புனித ஸ்தேவான் பெயரில் அவர்களுக்கு மடம் அமைய உதவியவர். அதற்கு நன்றியாக அவருடைய அடக்கத்தின்போது புனித அகுஸ்தீனாரும் புனித ஸ்தேவானும் விண்ணிலிருந்து இறங்கி, தங்கள் கைகளாலேயே உடலைக் குழியில் வைத்தார்கள் என்பது மரபு. 1584இல் இதை ஓவியமாக வரைவிக்க நூனியெஸ் டொலேடோ பேராயர் கர்தினால் கஸ்பார் தெ கிரோகாவிடம் அனுமதி பெற்றார். கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து சங்கம் புனிதர்களின் உருவங்களைப் பற்றிய தன் ஆணையை வெளியிட்டது 1563 டிசம்பரில். அதற்கு 21 ஆண்டுக்குப் பிறகு இது நடக்கிறது. புனிதர்களின் பரிந்துரையையும் ஈகையின் பயனையும் படத்தால் கற்பியுங்கள் என்று சங்கம் சொன்னதற்கு, ஒரு பங்குத்தந்தை தன் சொந்தக் கோவிலின் கல்லறையையே பாடமாக எடுத்துக்கொண்டார்.

எல் கிரெகோவுக்கு அப்போது வயது 45. இயற்பெயர் தொமேனிகோஸ் தியோத்தோகோபுலோஸ். 1541இல் கிரேத்தா தீவின் கந்தியாவில் பிறந்து, திருவுருவப் படங்கள் எழுதப் பழகி, வெனிசும் ரோமும் கண்டு, 1577இல் டொலேடோ வந்தவர். 1585 முதல் வில்லேனா பிரபுவின் மாளிகையில் வாடகைக்கு இருந்தார். அந்த மாளிகை சாந்தோ தோமே பங்கின் எல்லைக்குள் இருந்தது. ஆக ஒப்பந்தத்தின் ஒரு பக்கம் பங்குத்தந்தை, மறு பக்கம் அவருடைய சொந்தப் பங்கு மக்களில் ஒருவர்.

ஒப்பந்தம் துல்லியமானது. குருக்கள் அடக்கச் சடங்கு நடத்த வேண்டும். இரு புனிதர்களும் இறங்கி வந்து, ஒருவர் தலையையும் ஒருவர் காலையும் பிடித்து உடலைக் கல்லறையில் வைக்க வேண்டும். சுற்றிலும் பலர் நின்று பார்க்க வேண்டும். மேலே திறந்த வானமும் விண்ணக மகிமையும் இருக்க வேண்டும். ஓவியத்துக்குக் கீழே சுவரில் கல்லறை ஒன்றை ஈரச் சுதையில் வரைந்து தரவும் வேண்டும். முன்பணம் 100 டுகாட். முடிக்க வேண்டிய நாள் அந்த ஆண்டுக் கிறிஸ்துமஸ். அதாவது ஒன்பது மாதம். விலை குறிப்பிடவில்லை. வேலை முடிந்தபின் மதிப்பீட்டாளர்கள் சொல்வதே விலை என்பது அன்றைய ஸ்பானிய வழக்கம். ஓவியருக்கு இதில் இடர் அதிகம்: படத்தைக் கொடுத்துவிட்ட பிறகே பேரம் தொடங்குகிறது.

ஒன்பது மாதம் என்றது நீண்டு, 1588இல்தான் கணக்கு முடிந்தது. ஆனால் அவர் கொடுத்தது ஒப்பந்தம் கேட்டதைவிடப் பல மடங்கு. அகுஸ்தீனார் ஆயருக்குரிய உயர்ந்த தொப்பியும் பொன்னிழை மேலாடையுமாகத் தோளைத் தாங்குகிறார். ஸ்தேவான் திருத்தொண்டருக்குரிய உடையில் காலைத் தாங்குகிறார். அந்த உடையின் கீழ்ப்பகுதியில் அவர் கல்லெறியுண்டு இறந்த காட்சியே பூவேலையாகத் தைத்திருக்கிறது. ஓவியத்துக்குள் ஓர் ஓவியம். பிரபுவின் இரும்புக் கவசத்தில் அந்த ஆடைகளின் பொன்னிறம் பட்டுத் தெறிக்கிறது. வலப்பக்கம் ஒரு குரு மேலே அண்ணாந்து பார்க்கிறார்; அவர் அணிந்திருக்கும் வெள்ளை மேலங்கி அத்தனை மெல்லியது, உள்ளே இருக்கும் கறுப்பு அங்கி அதன் வழியே தெரிகிறது. பின்னால் சாந்தியாகோ வீரர் சபையின் சிவப்புச் சிலுவை தைத்த கறுப்பு உடையில் டொலேடோவின் பெருமக்கள் வரிசையாக நிற்கிறார்கள். அவர்கள் 1323இன் மனிதர்கள் அல்ல. 1586இல் அந்தத் தெருக்களில் நடந்தவர்கள். 1612இல் டொலேடோவைப் பற்றி எழுதிய பிரான்சிஸ்கோ தெ பிசா, ஊர்க்காரர்கள் தங்களுக்குத் தெரிந்த முகங்களைப் பார்க்கவே திரும்பத் திரும்ப வருவதைப் பதிவு செய்திருக்கிறார்.

கீழே இடப்பக்கம் ஒரு சிறுவன் தீவட்டி பிடித்து நம்மைப் பார்த்தபடி ஸ்தேவானைச் சுட்டுகிறான். அவன் சட்டைப்பையிலிருந்து தொங்கும் கைக்குட்டையில் கிரேக்க எழுத்தில் ஓவியரின் கையெழுத்தும் 1578 என்ற ஆண்டும் இருக்கின்றன. அது படம் முடிந்த ஆண்டல்ல. அவருடைய மகன் ஹோர்ஹே மனுவேல் பிறந்த ஆண்டு. மேல் பாதியில் ஒரு வானதூதர் பிரபுவின் ஆன்மாவைப் பச்சைக் குழந்தை உருவில் ஏந்தி, மேகங்களுக்கு இடையே ஒரு குறுகிய வழியில் மேலே கொண்டு போகிறார். உச்சியில் கிறிஸ்து, இருபுறமும் அன்னை மரியாளும் திருமுழுக்கு யோவானும் மன்றாடுகிறார்கள். கிரேத்தாவில் இளம் வயதில் பழகிய திருவுருவப் பட மரபின் அதே அமைப்பு, கத்தோலிக்க டொலேடோவின் உச்சியில். விண்ணக மக்களிடையே மன்னர் பிலிப் II முகமும் தெரிகிறது. அவர் இறந்தது 1598இல். இந்த ஒப்பந்தத்துக்கு நான்கு ஆண்டுக்கு முன் தன் வேறோர் ஓவியத்தை விரும்பாத மன்னரை, உயிரோடு இருக்கும்போதே எல் கிரெகோ விண்ணகத்தில் சேர்த்திருக்கிறார். அதில் பெருந்தன்மையைத்தான் நான் காண்கிறேன்.

இனி மதிப்பீடு. முதல் இரண்டு மதிப்பீட்டாளர்கள் சொன்னது 1,200 டுகாட். சட்டமும் அலங்காரமும் சேராமல் ஓவியத்துக்கு மட்டும். நூனியெசுக்கு அது அதிகமாகப் பட்டது. மறு மதிப்பீடு கேட்டார். வேறு இருவர் வந்து பார்த்து 1,600 என்றார்கள். குறைக்கப் போய் 400 டுகாட், 1,50,000 மராவெடி, கூடிவிட்டது. பேராயரின் ஆலோசனை மன்றம் முதல் தொகையையே உறுதி செய்தது. எல் கிரெகோ திருத்தந்தை வரை போவேன் என்றார். பிறகு, வழக்கு இழுக்கும் காலத்தையும் செலவையும் எண்ணி, 1,200க்கு இசைந்தார். முன்பணம் போக 1,100 டுகாட், 4,12,500 மராவெடி பாக்கி.

இந்த இடத்தில் நான் பங்குத்தந்தையின் பக்கம் நிற்க மாட்டேன். மறு மதிப்பீட்டைக் கேட்டவர் அதன் முடிவை ஏற்க வேண்டும். உயர்ந்தால் வேண்டாம், தாழ்ந்தால் வேண்டும் என்பது முறையல்ல. ஏழைகளின் கிடாவுக்கும் கோழிக்கும் ஐந்து ஆண்டு போராடிய அதே கறார் இங்கே ஒரு கலைஞருக்கு எதிராகத் திரும்பிவிட்டது. ஆனாலும் அந்த 1,200 எல் கிரெகோவின் கணக்கில் மோசமான தொகையல்ல என்பதை மற்ற ஓவியங்களோடு வைத்தால் காணலாம்.

டொலேடோ பேராலயத்துக்கு அவர் 1577–79இல் வரைந்த ‘ஆடை களைதல்’ 2.85 மீட்டருக்கு 1.73 மீட்டர், 4.93 சதுர மீட்டர். ஓவியர் தரப்பு 900 டுகாட் கேட்டது. பேராலயத் தரப்பு 227 என்றது. கிறிஸ்துவின் தலைக்கு மேல் மற்றவர் தலைகள் வரலாமா, நற்செய்தியில் அந்த இடத்தில் இல்லாத மரியாக்களை ஏன் வரைந்தார் என்றெல்லாம் குறை சொன்னார்கள். நடுவர் 3,500 ரியால், சுமார் 317 டுகாட் என்று முடித்தார். பிற்பாடு அதே ஓவியத்துக்கு அவர் செய்துகொடுத்த சட்டத்துக்கும் சிற்பத்துக்கும் கிடைத்தது ஏறக்குறைய 535 டுகாட். கிறிஸ்துவின் முகத்தைவிட அதைச் சுற்றிய மரவேலைக்கு அதிகம் கொடுத்திருக்கிறார்கள். எஸ்கோரியல் அரண்மனை மடத்தில் வைக்க மன்னருக்காக வரைந்த ‘புனித மவுரீசின் மறைசாட்சியம்’ 4.48க்கு 3.01 மீட்டர், 13.48 சதுர மீட்டர். விலை 800 டுகாட். மன்னருக்குப் பிடிக்காததால் அது பீடத்தில் ஏறவில்லை. அந்த இடத்துக்கு வேறொருவர் வரைந்தார்.

ஓவியத்தைச் சதுர மீட்டரில் அளப்பது முறையல்ல என்று தெரியும். ஆயினும் ஒப்பிட வேறு பொது அளவு இல்லை. பேராலயம் கொடுத்தது சதுர மீட்டருக்கு 64 டுகாட். மன்னர் கொடுத்தது 59. சாந்தோ தோமே கொடுத்தது 69. மூவரில் அதிகம் கொடுத்தது பங்குக் கோவில். ஸ்பெயினின் செல்வம் மிகுந்த பேராலயமும் அமெரிக்காவின் வெள்ளியை வாங்கிய அரசரும் கொடுத்ததைவிட, விறகும் கோழியும் மகமையாக வாங்கிய பங்கு கூடுதலாகக் கொடுத்தது. இரண்டாம் மதிப்பீட்டின்படி 1,600 கொடுத்திருந்தால் அது 93 ஆகியிருக்கும்.

இன்னொரு கணக்கும் உண்டு. ஓர்காஸ் ஊரார் ஆண்டுதோறும் தரவேண்டிய 800 மராவெடியை மட்டும் சேர்த்து இந்த ஓவியத்தை வாங்குவதென்றால் 562 ஆண்டும் ஆறு மாதமும் ஆகும். 1323இல் தொடங்கியிருந்தால் 1885இல் முடிந்திருக்கும். 241 ஆண்டு ரொக்கம் முழுவதையும் கூட்டினாலும் ஓவியத்தின் விலையில் பாதி தேறாது. ஆக உயிலின் வருமானம் இந்த ஓவியத்துக்கு விலையாகவில்லை. உயிலைக் காத்த வழக்குதான் அந்தப் பிரபுவைப் பங்கின் நினைவில் மீண்டும் எழுப்பியது. அந்த நினைவுதான் ஓவியத்தை வரவழைத்தது.

கடைசியாக ஒன்று, ஓவியங்கள் இன்று இருக்கும் இடத்தைப் பற்றி. எல் கிரெகோ டொலேடோ வந்ததும் ஏற்ற முதல் பெரிய வேலை சாந்தோ தொமிங்கோ எல் அந்திகுவோ மடத்தின் பீடங்கள். ஒப்பந்தத் தொகை 1,500 டுகாட். அவரே 1,000க்கு இறங்கி வந்தார். அங்கே உயர்பீடத்தின் நடுவில் இருந்த ‘விண்ணேற்பு’ 19ஆம் நூற்றாண்டில் விற்பனையாகி, 1906இல் சிகாகோ கலைக்கழகத்தால் 40,000 டாலருக்கு வாங்கப்பட்டது. அதற்கு மேலே இருந்த ‘திரித்துவம்’ மத்ரித்தின் பிராதோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. டொலேடோவின் புனித யோசேப்பு சிற்றாலயத்துக்கென வரைந்த ‘புனித மார்த்தீனும் பிச்சைக்காரரும்’ உள்ளிட்ட இரண்டு ஓவியங்கள் 20ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் விலைபோய், இப்போது வாஷிங்டனில் தொங்குகின்றன. அந்தப் பீடங்களில் இப்போது நகல்களைப் பார்க்கலாம்.

சாந்தோ தோமேயின் 17.28 சதுர மீட்டர் அந்தக் கோவிலை விட்டு வெளியே போகவில்லை. பிரபுவின் கல்லறை அதன் கீழே; மராவெடிக் கணக்கு வெட்டிய கல்வெட்டு அதன் அருகே. பார்க்க வருபவர்களிடம் கோவில் இன்று சில யூரோ கட்டணம் வாங்குகிறது. 1588இல் 1,200 டுகாட்டுக்கு வாங்கியதை அந்தப் பங்கு இதுவரை யாருக்கும் விற்கவில்லை.